கண்டிக் கொடி கந்தப்பளையில் ஏன் அழுகியது?

கேள்வி: ஐயா, நாங்கள் நுவரெலியாப் பக்கம் கந்தப்பளையில் கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு செய்பவர்கள். போன கார்த்திகையில் கண்டியிலிருந்து மணி பிளான்ட், சிங்கோனியம், பிலோடென்ட்ரன் என்று பன்னிரண்டு சாடி வாங்கி வந்து முன் அறையில் யன்னல் ஓரமாக வைத்தோம். சாடி மாற்றும்போது தோட்டத்து மண்ணும் கோழி எருவும் சரிபாதி போட்டோம். தினமும் காலையில் பீலித் தண்ணீர் ஊற்றினோம். மாசி முடிவதற்குள் ஏழு செடி போய்விட்டது. இலை மஞ்சளாகிறது, சிலவற்றில் கறுப்புத் திட்டு விழுகிறது, தண்டு அடியில் கூழாகிறது. மாங்கோசெப் அடித்தும் நிற்கவில்லை. மீதி ஐந்தைக் காப்பாற்ற வழி உண்டா? எங்கள் குளிருக்கு எந்தக் கொடி சரிவரும்? கொஞ்சம் பெருக்கி ஏப்ரல் சீசனில் விற்கவும் எண்ணம்.

பதில்: எது கொன்றது என்று தெரியாமல் இன்னும் பன்னிரண்டு சாடி வாங்கினாலும் இதே கதைதான் நடக்கும், அதனால் அதை முதலில் பார்த்துவிடுவோம். கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரம், உங்கள் ஊர் ஏறத்தாழ 1,900. ஆயிரம் மீற்றர் ஏறினால் ஆறு பாகைக்கு மேல் வெப்பம் இறங்கும். ஆகவே செடி வண்டியில் வந்து இறங்கிய அன்று இரவே அதற்கு எட்டு ஒன்பது பாகை குறைந்துவிட்டது. மணி பிளான்டின் சொந்த ஊர் பசிபிக் கடலில் உள்ள மூரேயா தீவு. சிங்கோனியமும் இதய இலைப் பிலோடென்ட்ரனும் மத்திய, தென் அமெரிக்க வெப்பக் காடுகளில் மரமேறி வளர்ந்தவை. இந்த மூன்றுக்கும் 15 பாகைக்குக் கீழே வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். 10 பாகைக்குக் கீழே போனால் இலையின் கலங்களே சேதமாகும். தை, மாசியில் புல்லில் உறைபனி படியக்கூடிய பகுதியில், இரவில் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும் இலை, அறையின் நடுவில் இருக்கும் இலையைவிடக் கூடுதலாகக் குளிரும். உங்கள் கறுப்புத் திட்டுக்கள் கண்ணாடிப் பக்கத்து இலைகளில் அதிகமா என்று திருப்பிப் பாருங்கள். அப்படியென்றால் அது நோய் அல்ல, குளிர்க்காயம்.

இனி வேரைப் பார்ப்போம். வளர்ச்சி நின்ற செடி தண்ணீர் குடிக்காது. அதற்குத் தினமும் ஊற்றினால், மண்ணின் இடுக்குகளில் இருக்க வேண்டிய காற்று வெளியேறி, வேர் மூச்சு முட்டிச் சாகும். நலிந்த, செத்த வேரில் பித்தியம் போன்ற அழுகல் கிருமிகள் எளிதாக ஏறும். உங்கள் தோட்டத்து மண் பாத்தியில் நல்ல மண்ணாக இருக்கலாம். ஒரு சாடிக்குள் வந்தவுடன் அது நாலைந்து தடவை நனைந்து இறுகிக் களிக்கட்டியாகிவிடும், ஏனென்றால் பாத்தியில் அதைக் கிளறிக்கொடுக்க மண்வெட்டியும் மண்புழுவும் உண்டு, சாடியில் இரண்டும் இல்லை. கோழி எரு சரிபாதி என்பது கோவாவுக்கே அதிகம். மக்காத எருவிலிருந்து வரும் அமோனியாவும் உப்பும் மெல்லிய வேர் நுனிகளைச் சுட்டிருக்கும்.

மாங்கோசெப் ஏன் பிடிக்கவில்லை என்றால், அது இலைமேல் படிந்து, வரப்போகும் பங்கசைத் தடுக்கும் மருந்து. சாடிக்குள் நடக்கும் வேரழுகலுக்கு அதனால் பயனில்லை. தோட்டத்துக்கு அடிக்கும் மருந்து எதையும் ஆட்கள் படுத்துறங்கும் அறைக்குள் அடிக்கவும் கூடாது. பிள்ளைகள் இருக்கும் வீடென்றால் இதை இன்னும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

மீதி ஐந்தையும் இன்றைக்கே சாடியிலிருந்து கவிழ்த்து எடுங்கள். வேர்க்கட்டியை வாளித் தண்ணீரில் அலசிப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ இருக்கும், விரலால் அழுத்தினால் விறைப்பாக நிற்கும். அழுகிய வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறைபோல உருவி வந்துவிடும், நடுவில் நூல் மட்டும் மிஞ்சும். வேரில் பாதிக்கு மேல் நல்லதாக இருந்தால் கெட்டதை மட்டும் வெட்டிவிட்டுப் புதுக் கலவையில் நடலாம். பாதிக்கு மேல் போயிருந்தால் வேரோடு போராட வேண்டாம், தண்டைக் காப்பாற்றுங்கள். பிளேட்டை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, கறுத்த இடத்துக்கு மேலே வெட்டுங்கள். வெட்டுமுகம் முழுக்கப் பச்சையும் வெள்ளையுமாக இருக்க வேண்டும். நடுவில் கபில நிறத்தில் ஒரு புள்ளியோ வளையமோ தெரிந்தால், இன்னொரு கணு மேலேறி மறுபடி வெட்டுங்கள். இங்கே இரக்கம் பார்த்தால் ஒரு வாரத்தில் அந்தத் துண்டும் கூழாகும். தண்டு வழுவழுவென்று துர்நாற்றம் அடித்தால் அது பற்றீரியா அழுகல், அந்தச் செடியைப் பையில் கட்டி அகற்றுங்கள். சாடியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி வெயிலில் காயவைக்காமல் திரும்பப் பாவிக்க வேண்டாம்.

வெட்டிய துண்டுகளை இரண்டு மூன்று மணி நேரம் நிழலில் வைத்துக் காயம் உலர்ந்த பின் பதியுங்கள். இந்த இடத்தில் மலைநாட்டுக்காரர்கள் வழக்கமாக விடும் ஒரு பிழை உண்டு. வீ.பீ. தேயிலை, அதாவது விதையில்லாமல் தண்டுத் துண்டிலிருந்து வளர்க்கும் தேயிலையின் நாற்றுத் தவறணையில் ஓர் இலையும் அதன் கக்கத்து மொட்டும் கீழே சிறு தண்டுமாக வெட்டி, தண்டை மண்ணில் குத்துவது எல்லோருக்கும் பழக்கம். தேயிலையில் அந்தத் தண்டின் வெட்டுமுகத்திலிருந்தே வேர் வரும். மணி பிளான்ட் வகையில் அப்படி வராது. வேர் கணுவிலிருந்துதான் வரும். தண்டைக் கூர்ந்து பாருங்கள்: இலைக்காம்பு சேரும் இடத்துக்கு எதிரே அல்லது சற்றுக் கீழே, கபில நிறத்தில் மிளகளவு ஒரு புடைப்பு இருக்கும். அதுதான் காற்றுவேரின் முளை. அந்தப் புடைப்பு கலவைக்குள்ளோ தண்ணீருக்குள்ளோ இருக்க வேண்டும், இலை வெளியே இருக்க வேண்டும். கணு இல்லாத வெறும் காம்பை மாதக்கணக்கில் போத்தலில் வைத்தாலும் செடியாகாது. கண்டி வெப்பத்தில் இரண்டு மூன்று வாரத்தில் வேர் வரும், உங்களிடம் ஆறு வாரமும் ஆகலாம். அதனால் துண்டுகளைத் தெளிவான பொலித்தீன் பையால் தளர்வாக மூடி, வீட்டில் ஆகச் சூடான இடத்தில், பெரும்பாலும் சமையலறையில், அடுப்பிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி வைக்கலாம். புகை படும் இடம் ஆகாது. விறகுப் புகையில் எதிலீன் இருக்கிறது, பழத்தைப் பழுக்கவைக்கும் அதே வாயு, இலையையும் மஞ்சளாக்கி உதிர்த்துவிடும். கரி படிந்த இலையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஈரத்துணியால் துடையுங்கள்.

போத்தல் தண்ணீரில் வளர்ப்பவர்கள் வாரத்துக்கு இரண்டு தடவையாவது தண்ணீரைக் கொட்டி, உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். கந்தப்பளைக் குளிரில் நுளம்பு குறைவு. ஆனால் இதே போத்தலைக் கண்டியிலோ மாத்தளையிலோ உள்ள மகள் வீட்டுக்குக் கொடுத்துவிட்டால், அது டெங்கு நுளம்புக்குத் தொட்டில்.

கலவைக்கு வருவோம். தும்புத்தூள் இரண்டு பங்கு, கழுவிய பருமணல் அல்லது 3 முதல் 6 மில்லிமீற்றர் கருங்கல் சில்லு ஒரு பங்கு, நன்றாக மக்கிச் சலித்த கூட்டெரு ஒரு பங்கு, அதோடு ஒரு வாளிக்கு இரண்டு கைப்பிடி உடைத்த அடுப்புக்கரி. தும்புத்தூள் கரையோரத்திலிருந்து வருவதால் உப்பு இருக்கும். சாக்கில் கட்டி, ஓடும் பீலியின் கீழே தேயிலைச் சாயம்போல வரும் நிறம் வெளுக்கும்வரை கழுவுங்கள். கலவையை ஈரமாக்கிக் கையில் இறுகப் பிடியுங்கள். தண்ணீர் சொட்டக்கூடாது. கையை விரித்து விரலால் தட்டினால் உருண்டை உதிர வேண்டும். உதிராவிட்டால் இன்னும் கல் சேருங்கள். சாடியின் அடியில் துளை நாலாவது இருக்கட்டும். அடியில் ஓட்டுத்துண்டு அடுக்கினால் தண்ணீர் வடியும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது, ஆனால் அதனால் ஈரம் மேலேதான் தங்கும். துளையை மறைக்க ஒரு வலைத்துண்டு போதும். செடியின் வேர்க்கட்டியைவிட 3 முதல் 5 சென்டிமீற்றருக்கு மேல் அகலமான சாடி வேண்டாம். பெரிய சாடி என்றால் காயாத மண் அதிகம் என்று பொருள்.

அவித்த தேயிலைச் சக்கையை, பாலும் சீனியும் கலந்தபடி சாடியில் கொட்டும் பழக்கம் எங்கும் உண்டு. மேலே பூசணம் பூக்கும், அதில் சிறு கறுப்பு ஈ முட்டையிடும், அதன் புழு இளம் வேரைத் தின்னும். சக்கையைக் கூட்டெருக் குழியில் போடுங்கள், ஆறு மாதத்தில் அதே சாடிக்கு நல்ல எருவாக வரும்.

தண்ணீருக்கு நாள்கணக்கு வைக்காதீர்கள். ஊற்றிய உடன் சாடியைத் தூக்கிப் பாருங்கள், அந்தப் பாரம் கையில் நினைவிருக்கட்டும். பாதிக்கு மேல் இலகுவானதும், விரல் இரண்டு கணு ஆழம்வரை உலர்ந்து பட்டதும் அடுத்த தண்ணீர். 15 சென்டிமீற்றர் சாடிக்கு அடியால் வழியும்வரை ஏறத்தாழ கால் லீற்றர் போதும், தட்டில் தேங்கியதைப் பத்து நிமிடத்தில் கொட்டிவிடுங்கள். மூடிய மழை நாட்களில் இது பத்து முதல் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வரும், பங்குனி வெயிலில் ஐந்தாறு நாளில் வரும். அதிகாலைப் பீலித் தண்ணீரை நேராக ஊற்ற வேண்டாம். வாளியில் பிடித்து வீட்டுக்குள் வைத்து, நண்பகல் ஊற்றுங்கள். சூடு விரும்பும் செடியின் வேரில் பனித்தண்ணீர் பட்டால், மண் ஈரமாக இருக்கும்போதே இலை வாடும். அதைப் பார்த்துத் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள்.

வெளிச்சத்துக்குக் கிழக்கு யன்னல்தான் முதல் தெரிவு. உங்கள் பக்கம் பல நாட்களில் காலை தெளிந்திருந்து பிற்பகலில் மூடுபனி இறங்கிவிடும், மேற்கு யன்னலை நம்பினால் பாதி நாள் இருட்டு. நண்பகலில் சாடி இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாள் வைத்து, ஒரு அடி மேலே கையை நீட்டுங்கள். விளிம்பு மங்கலான நிழல் விழுந்தால் சரி. நிழலே தெரியாவிட்டால் கணுவுக்குக் கணு தூரம் கூடி, இலை சிறுத்து, மஞ்சள் வரி போட்ட வகைகள் பச்சையாகத் திரும்பும். லயக் காம்பராவில் ஒற்றை யன்னல்தான் என்றால், அந்த யன்னலுக்கு ஒரு மீற்றருக்குள் இரண்டு சாடியோடு நிறுத்திக்கொள்வது புத்தி. யன்னல் ஓரத்துச் சாடிகளை மார்கழி முதல் மாசிவரை இரவில் ஒரு முழம் உள்ளே நகர்த்துங்கள், அல்லது கண்ணாடிக்கும் செடிக்கும் நடுவே திரையை இழுத்து விடுங்கள். பொலித்தீன் கூடாரத்தில் வைக்கலாமே என்று தோன்றும். பகலில் அது சூடு. இரவில் சூடேற்றாத கூடாரம் வெளிக் குளிருக்கு அருகிலேயே போய்விடும்.

எந்தக் கொடி சரிவரும் என்ற கேள்விக்கு, ஒரு சின்ன வேலை செய்துவிட்டு முடிவெடுங்கள். ஆகக் குறைந்த, ஆகக் கூடிய வெப்பத்தைக் காட்டும் வெப்பமானியை அறையில் ஒரு வாரம் தொங்கவிடுங்கள். இரவு 15 பாகைக்குக் கீழே இறங்காத அறையில் மட்டும் மணி பிளான்ட் கூட்டத்தை வைக்கலாம். மற்ற அறைகளுக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

முதலில் ஐவி. 10 முதல் 18 பாகைதான் அதற்கு இதமான வீடு, அதாவது உங்கள் வீடு. கொழும்பில் செத்துப்போகும் செடி உங்களிடம் சிரித்துக்கொண்டு வளரும். மண் மேலாக உலர்ந்ததும் தண்ணீர், மாதத்துக்கு ஒருமுறை முழுச் செடியையும் கழுவுதல், அவ்வளவுதான். அடுத்தது மொன்ஸ்டெரா டெலிசியோசா. தென் மெக்சிக்கோவிலிருந்து பனாமாவரையுள்ள மலைக்காட்டுச் செடி, மூடுபனி அதற்குப் பழக்கம், இரவு 10, 12 பாகையைத் தாங்கும். ஆனால் இடம் பிடிக்கும், முதிர்ந்த இலை இரண்டு கை அகலம். மிளகுக் கொடியைப் பார்த்தவர்களுக்கு இதன் குணம் புரியும்: பற்றி ஏற இடம் கிடைத்தால்தான் இலை பெருத்துக் கிழிசல் விடும், தொங்கவிட்டால் சிறிய முழு இலையோடு நின்றுவிடும். மணி பிளான்டும் அப்படியே. பேராதனைப் பக்கம் மரமேறிய மணி பிளான்டின் இலை முறமளவு இருப்பதைக் கண்டிருப்பீர்கள், சாடியில் அதே செடிக்கு உள்ளங்கையளவுதான். பற்றுகோலுக்கு இரண்டு அங்குலப் பீ.வீ.சி. குழாயில் தேங்காய்த் தும்பை ஒரு அங்குலக் கனத்துக்குச் சுற்றி நைலோன் நூலால் கட்டுங்கள். காட்டிலிருந்து மரப்பன்னத் தண்டோ பாசியோ வெட்டிவர வேண்டாம், தும்பு அதே வேலையைச் செய்யும். தும்பு ஈரமாக இருந்தால்தான் காற்றுவேர் உள்ளே இறங்கும், வாரம் இரண்டு தடவை தண்ணீர் தெளியுங்கள்.

ஹோயா கார்னோசா, மெழுகுப் பூக் கொடி. தடித்த இலை, குளிரையும் மறதியையும் தாங்கும், ஈரத்தை மட்டும் தாங்காது. அதற்குக் கலவையில் கல்லும் கரியும் பாதியாக இருக்கட்டும், தண்ணீர் மற்றவற்றின் பாதி. இலையில்லாமல் நீளமாக நீட்டும் முனையைக் காய்ந்த கொடி என்று வெட்டாதீர்கள், இலை பிறகு வரும். பூ உதிர்ந்த காம்பையும் வெட்டக்கூடாது, அடுத்த பூக்கொத்து அதே காம்பில்தான் வரும்.

கொடி அத்தி குளிருக்கு நல்லது, ஒரு தடவை முற்றாகக் காயவிட்டால் இலை அப்பளமாகிவிடும், திரும்பாது. ஊதாக் கோடு போட்ட ட்ரடெஸ்கன்ஷியா எவருக்கும் வரும். மாதமொருமுறை நுனி கிள்ளாவிட்டால் நடு வழுக்கை விழும்.

பசளை: குளிர் மாதங்களில் எதுவும் வேண்டாம். பங்குனி முதல், புது இலை வரும் காலத்தில் மட்டும், மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு லீற்றர் தண்ணீருக்கு 1 கிராம் அல்பேர்ட் கரைசல் தூள், மண் ஈரமாக இருக்கும்போது ஊற்றுங்கள். மண்ணில்லாச் செய்கைக்குப் போடும் அளவின் பாதி இது. இலை விளிம்பு கபிலமாகிக் கரகரத்தால் உப்பு கூடிவிட்டது. சாடியின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு தண்ணீரை ஊற்றி வடியவிட்டு, இரண்டு மாதம் பசளையை நிறுத்துங்கள்.

பூச்சியில் மாவுப்பூச்சியும் சிவப்புச் சிலந்தியும்தான் வீட்டுக்குள் தொல்லை. மாவுப்பூச்சி இலைக் கக்கத்தில் பஞ்சுபோல ஒட்டியிருக்கும். பாமசியில் விற்கும் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சுக் குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுங்கள், ஐந்து நாள் இடைவெளியில் மூன்று தடவை. ஒரு தடவையோடு நிறுத்தினால் முட்டையிலிருந்து அடுத்த கூட்டம் வரும். சிவப்புச் சிலந்தி தேயிலையில் தெரிந்த தொல்லைதான். மாசி, பங்குனி வறட்சியில் ஐவியின் இலை மங்கி ஊசிமுனைப் புள்ளிகளாகத் தெரியும். இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவினாலே பாதி போகும். மீதிக்கு ஒரு லீற்றருக்கு 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெய், 2 மில்லிலீற்றர் சவர்க்காரக் கரைசல், மாலையில், முற்றத்தில் வைத்துத் தெளியுங்கள்.

இன்னொன்று. மணி பிளான்ட், சிங்கோனியம், பிலோடென்ட்ரன், மொன்ஸ்டெரா நான்கும் சேம்பு, கருணைக்கிழங்குக் குடும்பம். இலையை மென்றால் ஊசிபோன்ற ஒட்சலேற்றுப் பளிங்குகள் வாயில் குத்தி வீங்கும். ஐவியும் உண்ணத் தகாதது, சாறு சிலருக்குத் தோலில் கடிக்கும். பிள்ளைக்கும் நாய்க்கும் எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள். கிள்ளிய கொடியை மாட்டுக்கு வெட்டிய புல்லோடு சேர்க்க வேண்டாம். ஓடையோரத்திலும் எறிய வேண்டாம், மணி பிளான்ட் கண்ட இடத்தில் வேர்விட்டு மரமேறும்.

விற்பனைக்கு இந்த ஏப்ரல் கைக்கு எட்டாது, அடுத்ததை நோக்குங்கள். ஐப்பசியில் ஐவித் துண்டுகள் 8 முதல் 10 சென்டிமீற்றர் நீளத்தில், இரண்டு மூன்று கணுவோடு, ஒரு 10 சென்டிமீற்றர் சாடிக்கு நாலு வீதம் பதியுங்கள். மூன்று நாலு வாரத்தில் வேர் பிடிக்கும். மார்கழியிலும் மாசியிலும் நுனி கிள்ளினால் ஏப்ரலில் சாடி நிறைந்து தொங்கும். முதல் ஆண்டில் நாற்பது சாடிக்கு மேல் போக வேண்டாம், யன்னல் எத்தனை என்று எண்ணிவிட்டுத் துண்டு வெட்டுங்கள். விற்கும் சாடியில் ஒரு பிடிகூட உங்கள் உருளைக்கிழங்கு வயல் மண் இருக்கக்கூடாது. நுவரெலியா மாவட்ட உருளைக்கிழங்கு மண்ணில் நெமற்றோடுப் புழுவின் கூடுகள் இருக்கக்கூடும், அவை உலர்ந்த மண்ணிலும் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும், சாடியோடு அடுத்த மாவட்டத்துத் தோட்டத்துக்குப் போய்ச் சேரும். சந்தேகம் வந்தால் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழையுங்கள்.

வாங்க வருபவர் எந்த ஊர் என்று கேட்டுவிட்டுச் செடியைக் கொடுங்கள். கொழும்பு, நீர்கொழும்பு என்றால் ஐவியை விற்காதீர்கள், உங்கள் மணி பிளான்டுக்குக் கந்தப்பளையில் நடந்தது அதற்கு அங்கே தலைகீழாக நடக்கும். அவர்களுக்கு ஹோயாவோ மொன்ஸ்டெராவோ சரி. பயணத்துக்கு முந்தின நாள் தண்ணீர் விடாமல், சாடியைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொடுத்தால் வண்டியில் மண் கொட்டாது.